முன்பின் தெரியாத ஆளுக்கு வேலை செய்வது: ஏடன் வியாபாரிகள் முதல் அப்வேர்க் வரை

ஒன்லைனில் வேலை செய்யும் பிள்ளைகள் இப்போது நமது ஊரில் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். லோகோ வரைகிறார்கள், வீடியோ எடிட் பண்ணுகிறார்கள், டேட்டா என்ட்ரி செய்கிறார்கள், வெப்சைட் செய்து கொடுக்கிறார்கள். 2022இல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 வரை ஏறியதே, அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வந்தவர்கள்தான் அதிகம். மின்வெட்டுக்குள்ளும் போன் வெளிச்சத்தில் உட்கார்ந்து பழகிய பிள்ளைகள் இவர்கள்.

அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "சேர், நல்ல கிளையன்ட் எங்கே கிடைக்கும்?"

வேலை தெரியும். ஆள்தான் கிடைக்கவில்லை. இரண்டு மாதமாக விண்ணப்பம் போட்டும் ஒரு பதில்கூட வராதவர்கள் இருக்கிறார்கள். வேலையை முடித்து அனுப்பிய அன்றே கிளையன்ட் காணாமல் போய்விட்டார் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேலை தருகிறேன் என்று வந்தவனுக்கே "பதிவுக் கட்டணம்" என்று சல்லி கட்டி ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள். அதில் சிலரது சல்லி உம்மாவின் காப்பை அடகு வைத்து எடுத்தது.

நான் கம்பியூட்டர் படிப்பிப்பவன் இல்லை, வரலாறு படிப்பிப்பவன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. கடலுக்கு அப்பால் இருக்கிற, முகம் தெரியாத ஒருவரோடு எப்படிக் கொடுக்கல் வாங்கல் செய்வது என்பது இன்டர்நெட்டோடு வந்த பிரச்சினை அல்ல. ஆயிரம் வருடத்துக்கு முன்னரே மனிதர்கள் இதில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ட வழிகள் எழுத்திலேயே நமக்குக் கிடைத்திருக்கின்றன. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

கெய்ரோவில் கிடைத்த கடிதங்கள்

பழைய கெய்ரோவில் புஸ்தாத் என்ற இடத்தில் பென் எஸ்ரா என்றொரு யூத ஆலயம் இருக்கிறது. இறைவனின் பெயர் எழுதிய காகிதத்தைக் குப்பையில் போடக் கூடாது என்பது அவர்களது வழக்கம். நமது வீடுகளில் அரபு எழுத்துள்ள காகிதத்தைக் கால் படாமல் எடுத்து உயரத்தில் வைப்போமே, அதுபோல. அப்படிப்பட்ட காகிதங்களைப் போட்டுவைக்க அங்கே ஓர் அறை இருந்தது. அதன் பெயர் கெனீஸா. காலப்போக்கில் எழுதிய காகிதம் எல்லாமே அதற்குள் போய்ச் சேர்ந்தது. கல்யாணப் பத்திரம், கணக்குச் சிட்டை, வியாபாரக் கடிதம் எல்லாம் அதில் இருந்தன.

சொலமன் ஷெக்டர் என்ற அறிஞர் 1896-97 காலத்தில் அங்கே போய் அவற்றில் பெரும் பகுதியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே மட்டும் 190,000க்கு மேற்பட்ட துண்டுகள் இருக்கின்றன. அவற்றிலுள்ள வியாபாரக் கடிதங்களில் நிறைய 11ஆம், 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மொழி அரபு, எழுத்து மட்டும் எபிரேயம். கொய்தைன் என்ற ஆய்வாளர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கடிதங்களை வாசிப்பதிலேயே கழித்தார்.

இவற்றை எழுதிய வியாபாரிகள் முஸ்லிம் ஆட்சியின் கீழ் வாழ்ந்த யூதர்கள். எகிப்திலிருந்து ஆளி நார் அனுப்புவார்கள். சிசிலியிலும் துனீசியாவிலும் அது விற்கப்படும். அங்கிருந்து எண்ணெயும் பட்டும் திரும்பி வரும். சரக்கின் சொந்தக்காரர் புஸ்தாதில் இருப்பார், விற்பவர் பலெர்மோவில் இருப்பார். நடுவில் கடல். "விலை விழுந்துவிட்டது", "சரக்கு நனைந்துவிட்டது", "கடற்கொள்ளைக்காரன் கொண்டுபோய்விட்டான்" என்று அங்கிருப்பவர் எழுதினால் இங்கிருப்பவர் எப்படிச் சரிபார்ப்பது? போன் இல்லை, சிசிடிவி இல்லை.

அவ்னர் கிரீஃப் என்ற பொருளியலாளர் இந்தக் கடிதங்களை ஆராய்ந்து 1989இலும் 1993இலும் எழுதிய கட்டுரைகள் பிரபலமானவை. அவர் சொன்னது சுருக்கமாக இதுதான். இந்த வியாபாரிகள் ஒரு கூட்டமாக இயங்கினார்கள். அவர்களது கடிதங்களில் சரக்கு விலையும் கப்பல் செய்தியும் மட்டும் இருக்கவில்லை. யார் கணக்கைச் சரியாகக் காட்டினார், யார் இழுத்தடித்தார் என்பதும் இருந்தது. ஒருவரை ஏமாற்றினால் அந்தச் செய்தி எல்லோருக்கும் போகும். பிறகு யாரும் அவரிடம் சரக்கை ஒப்படைக்க மாட்டார்கள். ஒரு தடவை ஏமாற்றிக் கிடைக்கும் லாபத்தைவிட நல்ல பெயரால் வாழ்நாள் முழுக்கக் கிடைக்கும் வருமானம் பெரியது. அதனால் நேர்மையாக இருந்தார்கள்.

பின்னர் வந்த ஆய்வாளர்கள் சிலர் இதற்கு ஒரு திருத்தம் சொன்னார்கள். நல்ல பெயர் மட்டும் காப்பாற்றவில்லை, எழுதிய ஒப்பந்தமும் நீதிமன்றமும் சேர்ந்தே காப்பாற்றின என்றார்கள். இந்த யூத வியாபாரிகள் நமது பிக்ஹு நூல்களில் வரும் கிராழ் என்ற கூட்டு வியாபார முறையையும் பயன்படுத்தினார்கள். ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பார், லாபம் இருவருக்கும். அதைப் பத்திரமாக எழுதி, சாட்சி வைத்துச் செய்தார்கள். குர்ஆனின் மிக நீளமான வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். நம்பிக்கை இருக்கிறது, எழுத்து எதற்கு என்று அந்தக் காலத்து வியாபாரி கேட்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதை அவர்கள் ஸுஹ்பா என்றார்கள். ஸஹாபா என்ற சொல்லின் அதே வேர். இரண்டு வியாபாரிகள் தோழமை வைத்துக்கொண்டால், உன் சரக்கை நான் என் ஊரில் கூலி வாங்காமல் விற்றுத் தருவேன், என் சரக்கை நீ உன் ஊரில் விற்றுத் தா என்று அர்த்தம். இப்படி வருடக்கணக்கில் போகும். புதிய ஆள் ஒருவர் இந்த வட்டத்துக்குள் வர வேண்டுமென்றால், ஏற்கனவே உள்ளே இருக்கும் ஒருவர் அவரைப் பற்றி எழுத வேண்டும்.

ஏலக்காய்க்கு முற்பணம்

இந்தக் கடிதங்களில் சில நமக்குப் பக்கத்துக் கடற்கரையைப் பற்றியவை. துனீசியாவின் மஹ்தியாவில் பிறந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற வியாபாரி ஏடன் வழியாக மலபார் கரைக்கு வந்து, 1132 முதல் 1149 வரையான காலத்தில் பெரும்பாலும் மங்களூர்ப் பக்கத்தில் வாழ்ந்தார். ஏடனிலிருந்த பெரிய வியாபாரிகள் அவரது பங்காளிகள். அவர்கள் சல்லியும் சாமானும் அனுப்புவார்கள், அவர் மிளகும் ஏலக்காயும் இரும்பும் அனுப்புவார்.

ஒரு தடவை அந்தக் கரையிலிருந்த ஒருவரிடம் ஏலக்காய்க்கு முற்பணம் கொடுத்தார்கள். சல்லி போனது, ஏலக்காய் வரவில்லை. அந்த நட்டக் கதை பல கடிதங்களில் வருகிறது. ஏடனிலிருந்து வந்த கடிதமொன்றில் ஒரு யோசனை சொல்லப்படுகிறது. வாக்குக் கொடுத்துவிட்டு நிறைவேற்றாதவர்களை ஏடனில் நாங்கள் பகிரங்கமாகக் கண்டிப்போம், அந்த ஆளுக்கு எதிராகவும் கண்டனக் கடிதம் போடுவோம் என்று சொல்லிப் பயமுறுத்திப் பாருங்கள் என்கிறார்கள்.

இன்று ஒரு ஸ்டார் போட்டு, "இந்த ஆளோடு வேலை செய்யாதீர்கள்" என்று ரிவியூ எழுதுகிறோமே, அதே ஆயுதம்தான். ஏறத்தாழ 900 வருடத்துக்கு முன்னர் அரபிக் கடலைக் கடந்து வந்திருக்கிறது.

பேருவளை சைனாபோட் மாணிக்கச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. லட்சக்கணக்கில் பெறுமதியான கல் வாய்ப்பேச்சிலேயே கை மாறும். தரகரின் பெயர் கெட்டால் அவருக்கு அந்தச் சந்தையில் வேலை இல்லை.

ஸ்டார் எப்படி வந்தது

இந்த ஏற்பாடு எல்லாம் ஆள் ஆளைத் தெரிந்த உலகத்துக்கு உரியது. இன்டர்நெட் வந்தபோது யாருக்கும் யாரையும் தெரியாது.

1995இல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் ஓர் ஏல வெப்சைட் தொடங்கினார். பின்னர் ஈபே என்று பெயர் பெற்றது அதுதான். விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. தகராறு வரத் தொடங்கியது. 1996இல் அவர் ஒரு வழி செய்தார். ஒவ்வொரு வியாபாரத்துக்குப் பிறகும் இரண்டு பேரும் மற்றவரைப் பற்றி எல்லோரும் பார்க்கும்படி எழுதலாம். கெனீஸா வியாபாரி கடிதத்தில் எழுதியதை இப்போது வெப்சைட் சேர்த்து வைத்தது.

அதே முறை கொஞ்ச நாளில் வேலைக்கும் வந்தது. பிரீலான்ஸ் என்ற சொல் பழையது. எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாமல், சல்லி கொடுப்பவருக்காக ஈட்டி தூக்கும் கூலிப் போர்வீரனுக்கு அப்படிச் சொன்னார்கள். வோல்டர் ஸ்கொட் 1819இல் வெளியிட்ட ஐவன்ஹோ நாவல்தான் அந்தச் சொல்லைப் பரப்பியது. அந்த வீரனுக்குத் தலைக்கு மேல் எஜமான் இல்லை. அடிபட்டால் பார்க்கவும் ஆள் இல்லை. நமது பிள்ளைகளின் நிலையும் அதுதான்.

1998இல் ஹாவர்ட் பிஸ்னஸ் ரிவியூ சஞ்சிகையில் இரண்டு ஆய்வாளர்கள், இனி பெரிய கொம்பனிகளின் வேலையை இணையத்தால் இணைந்த தனியாட்கள் செய்வார்கள் என்று எழுதினார்கள். அந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயர் ஈலான்ஸ். அதே பெயரில் ஒரு வேலைச் சந்தையும் அந்தக் காலத்தில் தொடங்கியது. 2003இல் ஓடெஸ்க் வந்தது. அதைத் தொடங்கியவர்கள் இரண்டு கிரேக்க நண்பர்கள். ஒருவர் அமெரிக்காவில், மற்றவர் கிரேக்கத்தில். தூரத்தில் இருக்கும் நண்பனோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும், ஆனால் அவன் உண்மையாக வேலை செய்கிறான் என்று கொம்பனிக்கு எப்படிக் காட்டுவது? அதற்காக, வேலை நேரத்தில் கம்பியூட்டர் திரையைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துக் காட்டும் மென்பொருளை உருவாக்கினார்கள். 2013 டிசம்பரில் ஈலான்ஸும் ஓடெஸ்கும் ஒன்றாகச் சேரப்போவதாக அறிவித்தன. 2015இல் அந்தக் கொம்பனிக்கு அப்வேர்க் என்று பெயர் வைத்தார்கள்.

2010இல் வந்த பைவர் வேறு மாதிரி. ஒவ்வொரு வேலையும் 5 டொலர் என்று தொடங்கியது, பெயரே அதிலிருந்து வந்தது. அதில் வேலை செய்தவர் கைக்கு 4 டொலர்தான் வரும். மீதி வெப்சைட்டுக்கு.

இவர்கள் எல்லோரும் பழைய வியாபாரிகளின் மூன்று ஏற்பாடுகளையும் மென்பொருளாக்கினார்கள். கடிதத்துக்குப் பதிலாக ரிவியூ. பத்திரத்துக்கும் சாட்சிக்கும் பதிலாக, கிளையன்டின் சல்லியை வேலை முடியும் வரை நடுவில் பிடித்து வைக்கும் எஸ்க்ரோ. காதிக்குப் பதிலாகத் தகராறு தீர்க்கும் பிரிவு.

ஒன்றை மட்டும் அவர்களால் மென்பொருளாக்க முடியவில்லை. ஸுஹ்பாவை. புதியவனைப் பற்றி, "இவனை எனக்குத் தெரியும்" என்று ஒருவர் எழுதுவதை.

முதல் கிளையன்ட் ஏன் கிடைப்பதில்லை

ரிவியூ இல்லாதவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு ரிவியூ இல்லை. நமது பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இந்த வட்டத்தில்தான்.

இதை ஒருவர் பரிசோதித்தே பார்த்தார். அமண்டா பலாய்ஸ் என்ற பொருளியலாளர் ஓடெஸ்கில் சிறிய டேட்டா என்ட்ரி வேலையொன்றுக்கு ஆள் கேட்டார். விண்ணப்பித்தவர்களிலிருந்து 952 பேரைச் சீட்டுக் குலுக்குவது போலத் தெரிந்தெடுத்து வேலை கொடுத்து, அவர்களுக்கு ரிவியூவும் எழுதினார். பிறகு, கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார். முன்அனுபவம் இல்லாதவர்களில், இந்த ஒரு சின்ன வேலை கிடைத்தவர்களுக்கு அதற்குப் பிறகு கூடுதல் வேலையும் கூடுதல் வருமானமும் வந்தன. 2014இல் வெளியான ஆய்வு இது. இரண்டு பக்கத்துக்கும் திறமையில் வித்தியாசம் இல்லை. ஒரு பக்கத்துக்கு முதல் ஆள் கிடைத்தார், மறு பக்கத்துக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆகவே பிள்ளைகளே, இரண்டு மாதம் பதில் வரவில்லை என்றால் உங்களுக்குத் திறமை இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பெற்றோர்களே, நீங்களும் அப்படிச் சொல்ல வேண்டாம்.

ஸ்டன்டன், தோமஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வுதான் நமக்கு இன்னும் முக்கியம். ஓடெஸ்கில் சிலர் தனியாக வேலை தேடினார்கள். சிலர் சின்னச் சின்னக் குழுக்களாக, நல்ல பெயர் எடுத்த ஒருவருக்குக் கீழே சேர்ந்து தேடினார்கள். பல குழுக்களில் தலைவருக்கும் உறுப்பினருக்கும் ஏற்கனவே நேரில் பழக்கம் இருந்தது. அப்படிச் சேர்ந்த புதியவர்களுக்கு முதல் வேலை இலகுவாகக் கிடைத்தது, சம்பளமும் கூடுதலாக இருந்தது. அவர்கள் சொந்தப் பெயர் எடுத்த பிறகு அந்த அனுகூலம் குறைந்துபோனது. அதாவது, குழு தேவைப்பட்டது தொடக்கத்தில்தான்.

கெய்ரோ வியாபாரிகள் செய்ததும் இதுதான். நல்ல பெயர் உள்ள ஒருவர் தன் பெயரைப் புதியவனுக்குக் கொஞ்சக் காலம் இரவல் கொடுக்கிறார்.

வரலாறு சொல்லும் ஐந்து விஷயங்கள்

1. கிளையன்டையும் விசாரியுங்கள். ரிவியூ இரண்டு பக்கத்துக்கும் உரியது. அவர் முன்னர் எத்தனை பேருக்கு வேலை கொடுத்தார், சல்லி கொடுக்கும் வழி சரிபார்க்கப்பட்டிருக்கிறதா, வேலை செய்தவர்கள் அவரைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். ஸ்டார் எண்ணிக்கையை மட்டும் பார்க்க வேண்டாம், இப்போது பெரும்பாலானவர்கள் ஐந்துதான் போடுகிறார்கள். எழுதியதை வாசியுங்கள். தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாக எழுதத் தெரிந்த கிளையன்ட் பெரும்பாலும் சல்லியும் ஒழுங்காகத் தருவார்.

2. எழுதிக்கொள்ளுங்கள். என்ன வேலை, எத்தனை தடவை திருத்தித் தருவீர்கள், எப்போது, எவ்வளவு. எஸ்க்ரோவில் சல்லி வைக்கப்பட்டதைப் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்குங்கள். "வெளியே வட்ஸ்அப்புக்கு வா, கொமிஷன் மிச்சம்" என்று புதிய ஆள் அழைத்தால் போகாதீர்கள். சாட்சி இல்லாத இடத்துக்குத்தான் அவர் கூப்பிடுகிறார்.

3. வேலை தருபவர் உங்களிடம் சல்லி கேட்டால் அவர் வேலை தருபவர் அல்ல. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், "முதலில் வைப்புப் போட்டால் இரட்டிப்பாக வரும்" எல்லாம் ஒன்றுதான். பென் யிஜு ஏலக்காய் வாங்குபவராக இருந்ததால் முற்பணம் கொடுத்தார். நீங்கள் விற்பவர்கள். சல்லி உங்கள் பக்கம்தான் வர வேண்டும்.

4. ஆயிரம் ஆட்களைத் தேடாதீர்கள். கெனீஸா வியாபாரிகள் சில பங்காளிகளோடு வருடக்கணக்கில் ஓடினார்கள். முதல் வேலை சின்னதாக இருக்கட்டும், நேரத்துக்குக் கொடுங்கள். பிந்தும் என்றால் முன்னரே சொல்லுங்கள். திரும்பி வரும் மூன்று கிளையன்ட், புதிதாக வரும் முப்பது பேரைவிட மேல். வேலை முடிந்ததும், "உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாருக்காவது இப்படித் தேவையா?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

5. விலையை அடிமட்டத்துக்கு இறக்கி ஆள் பிடிக்காதீர்கள். 5 டொலருக்கு வருபவர் நாளை 4 டொலருக்குச் செய்பவனிடம் போவார். உங்களை அவருக்கு நினைவு இருக்கப்போவது விலையால்தான்.

ஊரிடம் ஒரு வேண்டுகோள்

இதைப் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதவில்லை. நமது ஊரில் இந்தத் துறையில் ஐந்து வருடம், எட்டு வருடம் நின்று பெயர் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் யாருக்கும் சொல்வதில்லை. கண் படும் என்ற பயம், வேலை போய்விடும் என்ற பயம், ஆளுக்கொரு காரணம். உங்களிடம்தான் கேட்கிறேன். உங்களால் செய்து முடிக்க முடியாத சின்ன வேலைகளை இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அவர்களது வேலையை நீங்கள் சரிபார்த்து, உங்கள் பொறுப்பில் அனுப்புங்கள். உதவி ஆள் வைத்திருப்பதைக் கிளையன்டிடம் மறைக்காதீர்கள். பிள்ளையின் பங்கு எவ்வளவு என்பதை எழுதி வையுங்கள். ஆறு மாதத்தில் அவன் தன் காலில் நிற்பான்.

இதற்கும் எக்கவுன்ட் வாடகைக்குக் கொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பெயர் எடுத்த எக்கவுன்டை மாத வாடகைக்கு விடுவது இப்போது சில இடங்களில் ஒரு தொழிலாகிவிட்டது. அது கிளையன்டிடம் ஆள் மாறாட்டம், வெப்சைட்டின் விதிக்கும் எதிரானது. பிடிபட்டால் இரண்டு பேருக்கும் போய்விடும். இந்த ஊர்ப் பிள்ளைகள் இப்படித்தான் என்று ஒரு பெயர் விழுந்தால் அடுத்து வரும் பிள்ளைக்கும் கதவு மூடும். கூட்டத்தின் பெயரால் வாழ்ந்த வியாபாரிகள் கூட்டத்தில் ஒருவர் கெடுத்ததை ஏன் அவ்வளவு கடுமையாக எடுத்தார்கள் என்பது இப்போது புரியும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. இரவு ஒரு மணிக்கு லெப்டொப் முன்னால் இருக்கும் பிள்ளை எல்லா நாளும் கேம் விளையாடுவதில்லை. கிளையன்டுக்கு அது பகல். என்ன வேலை, யாருக்கு, எவ்வளவு பேசினாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கடையில் நாற்பது வருடம் ஆள் பார்த்து கடன் கொப்பி எழுதிய வாப்பாவுக்கு இங்கிலிஷ் தெரியாவிட்டாலும், எந்த ஆள் சல்லி தர மாட்டார் என்பது மகனைவிட நன்றாகத் தெரியும்.

இந்தத் துறையில் ஏற்கனவே வேலை செய்பவர்கள் விரும்பினால் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துப் பழக்கலாம் என்பதை மட்டும் சொன்னால் போதும். ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் என்னிடம் இருக்கிறது.